நகைக்கடையில் போகும் இரண்டு மணி நேரம்: தாய்லாந்து சுற்றுலா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை, திருச்சியிலிருந்து தாய்லாந்துக்கு ஆள் கூட்டிப் போகும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பயணத் திட்டத் தாள் எனக்கு மனப்பாடம். பட்டாயா, பவளத் தீவு, சஃபாரி வேர்ல்டு, தங்க புத்தர், மசாஜ், இரவுக்கு இந்திய உணவகம். இதையெல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. விசா, விமானம், முழங்கால் வலிக்காரர்கள், பூண்டு வெங்காயம் சேர்க்காதவர்கள் என்று எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. ஆனால் நடுவே ஒரு நகைக் காட்சிக்கூடம் வருகிறதே, அதைப் பற்றிப் பேசலாம். அங்கே பேருந்தை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் எங்களை உலவ விடுகிறீர்கள். பாதிப் பேர் வாசலில் உட்கார்ந்து கைபேசி பார்க்கிறோம். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் கேட்கிறேன்.

பாங்காக்கில் சாவ்பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், சிரிராஜ் மருத்துவமனை வளாகத்தை ஒட்டி, செங்கல் கட்டடமும் கடிகாரக் கோபுரமுமாக ஒரு பழைய ரயில் நிலையம் நிற்கிறது. தோன்புரி நிலையம். 2013-இலிருந்து அது சிரிராஜ் பிமுக்ஸ்தான் என்ற அருங்காட்சியகம். சிரிராஜ் என்றதும் உங்களில் சிலருக்குக் கண்ணாடிப் பெட்டியில் பிணம் வைத்திருக்கும் இடம் ஞாபகம் வரும். அது அதே மருத்துவமனையின் வேறொரு அருங்காட்சியகம். 'மனிதத் தின்னி' என்று பலகை மாட்டிப் பல ஆண்டுகள் அங்கே நிறுத்தி வைத்திருந்த சீ உய் என்பவரின் உடலைக்கூட, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு எடுத்து, 2020-இல் தகனம் செய்துவிட்டார்கள். நான் சொல்லும் இடத்துக்குக் குழந்தைகளையும் பாட்டிமார்களையும் தாராளமாக அழைத்துப் போகலாம்.

மசாஜிலிருந்தே தொடங்குகிறேன், அது உங்கள் திட்டத்தில் ஏற்கெனவே இருப்பதால். தாய்லாந்தில் மரபு வைத்தியர்கள் தங்கள் ஆதி ஆசானாகக் கும்பிடுவது ஜீவகரை. புத்தருக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். உடம்பு மண், நீர், காற்று, நெருப்பு என்ற நான்கால் ஆனது என்பது அவர்கள் கணக்கு. நம் சித்த வைத்தியர்கள் இதோடு ஆகாயத்தையும் சேர்ப்பார்கள். வாட் போ கோயிலில் படுத்திருக்கும் புத்தரைப் படம் எடுத்துவிட்டு அவசரமாக வெளியே வருகிறோம் அல்லவா? அந்தக் கோயிலிலேயே 19ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராமா மன்னர் வைத்தியத்தையும் நாடி ஓடும் வழிகளையும் கல்லில் வெட்டி வைத்தார், யார் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளட்டும் என்று. அந்த வைத்தியம் அடுத்து எங்கே போனது, மேல்நாட்டு மருத்துவம் வந்தபோது என்ன ஆனது என்பதற்கு ஆற்றின் அக்கரைக்கு, நான் சொன்ன அந்த அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். பழைய மருந்துக் கடையும் உண்டு, அறுவை அரங்கின் மாதிரியும் உண்டு, ஒரே கூரையின் கீழ்.

சிரிராஜ் பிறந்த கதையைப் பேருந்திலேயே சொல்லிவிடலாம். 1881-இல் பாங்காக்கில் காலரா. சூலாலங்கோர்ன் மன்னர் நகரெங்கும் தற்காலிக மருத்துவமனைகளைத் திறந்தார். நோய் ஓய்ந்ததும் அவை மூடப்பட்டன. நிரந்தரமாக ஒன்று வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 1887-இல், மன்னரின் கைக்குழந்தை இளவரசர் சிரிராஜ் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். குழந்தையின் தகனத்துக்காக எழுப்பிய மண்டபங்களின் மரத்தை மன்னர் மருத்துவமனை கட்டக் கொடுத்தார். 1888-இல் திறந்தார்கள். பிள்ளையின் பெயரே மருத்துவமனையின் பெயரானது. அது நின்ற மண் அதற்கு முன் வாங் லாங் என்னும் பின்புற அரண்மனை. அந்த அரண்மனைச் சுவரின் அடித்தளத்தையும், மண்ணுக்குள் கிடந்த இருபது மீட்டருக்கும் நீளமான மரப் படகு ஒன்றையும் தோண்டியெடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் படகுதான்.

அக்கம்பக்கத்துக் கதையும் உண்டு. கல்லால் தேய்த்து மெருகேற்றும் பான் பூ பகுதியின் வெண்கலக் கிண்ணங்கள், கால்வாயோரத்துப் பிழைப்புகள். உங்கள் குழுவில் இஸ்லாமியக் குடும்பங்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: ரயில் நிலையம் வரும் முன் இந்தக் கரையில் ஒரு பள்ளிவாசல் இருந்தது. நிலையத்துக்காக அந்த மக்கள் இடம் கொடுத்து, பாங்காக் நொய் கால்வாயின் மறுகரைக்குப் போனார்கள். அன்சோரிசுன்னா பள்ளிவாசல் இன்றும் அங்கே இருக்கிறது, தொழுகைக்கும் வசதி.

இனி, நான் இந்த மடலை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

உங்களில் சிலர் 'குவாய் நதிப் பாலம்' என்று ஒரு நாள் பயணத்தை விருப்பத் தேர்வாக விற்கிறீர்கள். காஞ்சனபுரிக்குப் போகிறோம், பாலத்தில் நடக்கிறோம், படம் எடுக்கிறோம். வெள்ளைக்காரக் கைதிகள் கட்டிய பாலம் என்று வழிகாட்டி சொல்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் பாதிகூட இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் ஒரு துண்டுதான் அந்தப் பாலம். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஜப்பானியர் கொண்டுவந்த ஆசியத் தொழிலாளர்களோ இதைப்போல் சுமார் மூன்று மடங்கு. அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும் பங்கு. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது பிடித்தே ஏற்றினார்கள். சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மரண ரயில் என்றால் மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் பேச்சு நின்றுவிடும். நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்கள் வந்து சேர்ந்த தென் பாதையின் முதல் புள்ளி தோன்புரி நிலையம்தான். 1903-இல் இங்கிருந்து பெட்சபுரி வரை ரயில் ஓடியது. 1909-இல் சயாம் கெடாவையும் (நம் பாட்டுகளில் வரும் கடாரம்தான்) கிளந்தான், திரங்கானு, பெர்லிஸையும் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. அதை ஒட்டிக் கிடைத்த நாற்பது லட்சம் பவுன் கடனில் பாதை தெற்கே நீண்டு, 1918-இல் மலாயா எல்லையைத் தொட்டது. 1942, 43-இல் அந்தப் பாதை வழியாகத்தான் வடக்கு நோக்கி ஆட்கள் வந்தார்கள். அதிலிருந்து நோங் பிளாடுக்கில் பிரிந்து பர்மாவரை 415 கிலோமீட்டர் போட்டதுதான் மரண ரயில் பாதை. போரில் தோன்புரி நிலையமும் குண்டுக்குத் தகர்ந்தது. நீங்கள் பார்க்கப்போகும் கட்டடம் 1950-இல் திரும்பக் கட்டியது.

பாதை போடப் போய் மடிந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கி அல்ல. பட்டினி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, எல்லாவற்றுக்கும் மேல் 1943 மழைக்காலத்துக் காலரா. கைதிகளிடையே அவர்களுடைய சொந்த ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கையில் மருந்து இல்லாவிட்டாலும், தண்ணீரைக் கொதிக்கவை, நோயாளியைத் தனியே வை என்று சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்துத் தமிழர்களின் முகாம்களில் அதைச் சொல்லவும் ஆள் இல்லை. நிலைமை கைமீறியபின் சிங்கப்பூரின் சாங்கி சிறை முகாமிலிருந்து கைதி மருத்துவர்களை இரண்டு குழுக்களாக அனுப்பினார்கள். அதற்குள் எவ்வளவோ நடந்துவிட்டது. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. அண்மையில் ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

காலராவைப் பார்த்துப் பிறந்த ஒரு மருத்துவமனை, காலராவில் மடிந்த ஆட்களைக் கொண்டுவந்த தென் பாதையின் பழைய நிலையத்துக்குள் தன் கதையைச் சொல்கிறது. பாலத்துக்குப் போகும் முன் இதைப் பார்த்தவர் அங்கே வெறுமனே படம் எடுத்துக்கொண்டு திரும்ப மாட்டார் என்பது என் எண்ணம். உங்கள் வாடிக்கையாளர்கள் அழுதுவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். எங்கள் ஆட்கள் கொடைக்கானலுக்குப் போனாலும் யார் வீட்டுச் சாவையாவது பேசிக்கொண்டேதான் போவார்கள்.

நடைமுறைக்கு வருவோம். காலையில் அரண்மனையும் வாட் போவும் முடித்துவிட்டு, தா சாங் துறையில் ஆற்றைக் கடக்கும் படகில் வாங் லாங் போய்விடலாம். அங்கிருந்து நடக்கும் தூரம்தான். வாங் லாங் சந்தையில் பழமும் தின்பண்டமும் நிறைய, சைவக்காரர்களுக்குப் புளிச்சாதப் பொட்டலம் கையோடு இருக்கட்டும். பார்க்க இரண்டு மணி நேரம் தாராளம். மறுநாள் காஞ்சனபுரிக்குப் பேருந்தை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். சற்று மேற்கே இருக்கும் இப்போதைய தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று புறப்படுகிறது. மூன்றாம் வகுப்பு, மரண ரயில் பாதையில் மிஞ்சியிருக்கும் பகுதியில் 'நாம் தோக்' என்ற நிலையம் வரை போகும்.

ஏறும் முன் கையில் கொடுக்க, இரண்டு பக்கத்தில் தமிழ்க் குறிப்பு ஒன்று நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: திட்டத்தில் செவ்வாய்க்கிழமை போட்டுவிடாதீர்கள், அன்றைக்கு அருங்காட்சியகம் விடுமுறை.

அன்புடன்,
உங்கள் பழைய பயணி ஒருவர்