பெயர் வெட்டின சம்படம்

அயோவா,
டிசம்பர் 1, 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாலு பேரும் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த செய்தியை நேற்றெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தோம். நம் பக்கம் மழை விட்டதா? சம்பா வயலில் தண்ணீர் வடிந்ததா? கொல்லைச் சுவர் ஊறிப்போயிருக்கும், அப்பாவை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல். போனில் ‘கேட்குதா, கேட்குதா’ என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. உனக்குப் பொழுது விடியும்போது எனக்கு முந்தின நாள் சாயங்காலம், அடுப்பும் பிள்ளைகளுமாக இருக்கும் நேரம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

‘சிகாகோவை விட்டுவிட்டு அந்தப் பட்டிக்காட்டுக்கு எதற்கடி போகிறீர்கள்?’ என்று ஜூன் மாதம் கேட்டாய். உன் மாப்பிள்ளை வந்த விசாவில், பயிற்சி முடித்த டாக்டர்கள் இங்கேயே தங்க வேண்டுமென்றால், டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் 3 வருஷம் வேலை பார்க்க வேண்டும். அப்படித்தான் இந்த ஊர் அமைந்தது. வந்த பிறகு எனக்குப் பிடித்துவிட்டது, அம்மா. ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். இந்த மாநிலத்தில் ஜனங்கள் 32 லட்சம், பன்றிகள் 2 கோடிக்கு மேல். அப்பாவிடம் சொல், நம்ப மாட்டார். அக்டோபரில் அறுப்பு. ராத்திரி 11 மணிக்கும் அறுவடை மெஷினின் விளக்கு வயலில் நகர்ந்துகொண்டிருக்கும். எதிரே வருகிற வண்டிக்காரர் யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவார். மத்தியானம் 12 மணிக்கு ஊர்ச் சங்கு ஊதுகிறது. முதல் நாள் அதைக் கேட்டதும் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன், நம்மூர்ச் சங்கு மாதிரியே இருந்தது.

பள்ளிக்கூட மஞ்சள் பஸ் வாசலுக்கே வருகிறது. பஸ் நின்று சிவப்பு விளக்கு மின்னினால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லா வண்டியும் நின்றுவிட வேண்டும். சின்னவள் ஆடி அசைந்து இறங்கி வருகிற வரை தெருவே காத்திருக்கும். துவரம்பருப்புக்கும் பெருங்காயத்துக்கும் மட்டும் டி மாய்ன் போக வேண்டியிருக்கிறது, காரில் ஒன்றரை மணி நேரம்.

இந்தத் தீபாவளி 31ஆம் தேதி வந்ததல்லவா, அன்றைக்கே இங்கே ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு, இருட்டினதும் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வாசல் விளக்கு எரிகிற வீட்டில்தான் படியேறுவார்கள். எனக்கு அது தெரியாது. தீபாவளி என்று வாசல் விளக்கையும் போட்டு, படியின் இரண்டு பக்கமும் அகல் ஏற்றி வைத்திருந்தேன். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் நம் வீட்டுக்குத்தான்! நான் மிட்டாய் வாங்கியே வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, தன் கூடையில் இருந்ததில் பாதியை எடுத்துவந்து என் பாத்திரத்தில் கொட்டினார். அப்புறம் படியிலேயே உட்கார்ந்து, அகல் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, இது என்ன பண்டிகை என்று கேட்டார். அன்றிலிருந்துதான் எங்களுக்குள் பழக்கம்.

அவருக்கு 78 வயது. கணவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது, ஒண்டியாக இருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேரும் மினியாபொலிஸ், சிகாகோ, டென்வர் என்று திசைக்கு ஒருவராக இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் ஒன்றுகூடுவது தேங்ஸ்கிவிங் என்கிற நன்றி சொல்லும் பண்டிகை அன்றைக்குத்தான். நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை, இந்த வருஷம் 28ஆம் தேதி. உள்நாட்டுப் போர் நடந்த 1863இல் லிங்கன் நாடு முழுவதற்கும் அறிவித்தாராம். 1941இல் சட்டமாகி நாலாவது வியாழன் என்று நிலைத்தது. பெரியவன் பள்ளியில் படித்துவிட்டு வந்து இதையெல்லாம் சொன்னான். பூர்வகுடி மக்களில் பலர் இந்த நாளைத் துக்க நாளாக வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான். அவர்கள் நிலம் போன கதை அது. அவன் வயதில் எனக்கு இப்படியெல்லாம் யாரும் இரண்டு பக்கமும் சொல்லித் தந்ததில்லை.

பாட்டி ஞாயிற்றுக்கிழமையே 8 கிலோ வான்கோழியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். பனி விட்டு இளக நாலு நாள் ஆகுமாம். புதன்கிழமை உருளைக்கிழங்கு தோல் சீவிக் கொடுக்கப் போனேன். மாடியில் ஆறு படுக்கைக்கும் துவைத்த விரிப்பு போட்டிருந்தார். பேரன் போன வருஷம் குளிர்கிறது என்று சொன்னானாம், அவனுக்கு மட்டும் இரண்டு கம்பளி. இருட்டின பிறகு, தெருவில் கார் வெளிச்சம் சுவரில் விழும்போதெல்லாம் கையில் இருந்ததை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். மினியாபொலிஸிலிருந்து நாலு மணி நேரம்தான், இப்போது வந்திருக்க வேண்டுமே என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

அம்மா, சென்னையிலிருந்து நான் கடைசி பஸ்ஸில் வருகிற நாளெல்லாம் நீ திண்ணை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ‘தூங்காமல் எதற்கம்மா’ என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். வருகிறவளாகவே இருந்தால் அந்தப் பொழுது எப்படிப் போகும் என்று தெரிவதில்லை. அன்றைக்கு அந்த அடுக்களையில் நின்று பார்த்தேன். அப்படிப் பேசியதற்காக இப்போது வருந்துகிறேன், அம்மா.

டென்வர் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. புதன் ராத்திரி போன் வந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவருக்கென்று வைத்திருந்த தட்டையும் எடுக்கவில்லை, அந்த இடத்தில் நம் சின்னவளை உட்கார வைத்துவிட்டார். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மடக்கு மேசை போட்டுத் தனிப் பந்தி. பெரியவர்கள் பந்தியில் இவள் ஒருத்திதான்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய். நாங்கள் சைவம் என்று அவருக்குத் தெரியும். வெண்ணெய் சேருமா, முட்டை சேருமா என்று இரண்டு நாள் முன்பே கேட்டுக்கொண்டார். எங்களுக்கென்று இறைச்சிச் சாறு விடாமல் ரொட்டிப் பூரணம் தனியாகச் செய்து, புது கரண்டி போட்டு, அதைத் தொட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், சர்க்கரைவள்ளி, புளிப்பும் இனிப்புமாகக் கிரான்பெரித் துவையல். பரங்கிக்காயை அரைத்து, பட்டை, கிராம்பு, இஞ்சி சேர்த்துச் செய்கிற பை என்கிற பலகாரமும் உண்டு. நீ கூட்டு வைக்கிற அதே பரங்கிக்காயா இது என்று எனக்கே ஆச்சரியம். முட்டை உண்டு என்பதால் பிள்ளைகள் மட்டும் சாப்பிட்டார்கள், நீ கோபித்துக்கொள்ளாதே.

நான் புளியஞ்சாதம் கொண்டுபோனேன். ஒரு பேரனுக்கு வேர்க்கடலை ஆகாதாம், அதனால் கடலைப்பருப்பு மட்டும் தாளித்தேன். நீ கொடுத்த பெரிய சம்படத்தில்தான் எடுத்துப் போனேன். மூடியைத் திறக்கும் முன்னால் பாட்டி பக்கவாட்டில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். புள்ளி புள்ளியாக வெட்டின உன் பெயர், அப்பா இனிஷியல், 1981. என்ன எழுதியிருக்கிறது என்றார். என் அம்மா பெயர், கல்யாணச் சீர்ப் பாத்திரம், விசேஷ வீடுகளில் மாறிப்போகாமல் இருக்க வெட்டி வைப்போம் என்றேன். உடனே அவர் தன் கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு காகித டேப், அதில் பேனாவால் அவர் பெயர். சர்ச் விருந்துக்குக் கொண்டுபோனால் மாறிவிடும் என்பதற்காக அவரும் எழுதி ஒட்டியிருக்கிறார்.

அப்புறம் உன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். நாலாவது தடவை சரியாக வந்தது. நான் அம்மா என்கிறேன், பிள்ளைகள் பாட்டி என்கிறார்கள், மாப்பிள்ளை அத்தை என்கிறார். இந்த ஊரில் உன் பெயரை ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிடும் முன் ஆளுக்கு ஒன்று, எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது வாசல் விளக்குக்கு என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பாட்டிக்குப் புரிந்தது.

நேற்று எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். சாயங்காலம் அவர் சம்படத்தைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து கொடுத்தார். திறந்து பார்த்தால் நாலு ஆப்பிள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மிச்சத்தைப் போட்டுக் கொடுத்த அவருடைய கண்ணாடிப் பாத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 13ஆம் தேதி கார்த்திகை. பொரி உருண்டை பிடித்து அதில் வைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், கூடவே இரண்டு அகலும். டி மாய்ன் கடையில் நெல்பொரி கிடைக்காது, அரிசிப்பொரிதான். அதற்கு வெல்லப்பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும்? தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டுமா, தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டுமா? போனில் சொல்லாதே, பாதி கேட்காது. அப்பாவை எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொல். வயலில் தண்ணீர் வடிந்ததா என்பதையும் அதிலேயே எழுதிவிடு.

உன் அன்பு மகள்