பதினாறு இறகுகள்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. பேத்தி இறகுப்பந்து வகுப்பில் சேர வேண்டும் என்று அடம்பிடிப்பதாகவும், "பூப்பந்து ஆடியவன் நான், எனக்குத் தெரியாத மட்டையா, நானே கற்றுத் தருகிறேன்" என்று நீ சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். தயவுசெய்து வேண்டாம். ஓய்வு பெற்ற கையோடு இதே திமிரில்தான் நானும் இங்கே ஓர் உள்ளரங்கத்தில் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே கண்முன் இருந்த ஷட்டிலைத் தவறவிட்டு வெறும் காற்றை அடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் ஆடியவன் ஏழாம் வகுப்புப் பையன்.

தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் என்று நம் வாத்தியார் பெருமை பேசுவாரே, அந்தப் பூப்பந்தில் நமக்கு மஞ்சள் நூல் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். உனக்கு எட்டாததை இன்னொருவன் எடுப்பான் (நீ நகர்ந்து எடுத்ததாக எனக்கு நினைவில்லை). ஷட்டில் வேறு பிறவி. மட்டையை விட்டுச் சீறிக் கிளம்பும். பாதி வழியில் காற்று பிடித்து இழுக்க, தலைகுப்புற இறங்கும். 2023இல் நம் நாட்டு இறகுப்பந்து வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் ஒரு சோதனையில் அடித்த ஸ்மாஷ் (மேலிருந்து கீழாக ஓங்கி அடிக்கும் அடி) மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியது. அந்த வேகம் மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்துக்குத்தான். எதிராளியிடம் வருவதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். சீறுகிறதா, சாகிறதா என்று கணிக்கத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன்.

ஷட்டிலைக் கையில் வாங்கிப் பார். 16 இறகுகள். அத்தனையும் வாத்தின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவை. எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தால்தான் சீராகச் சுழலும். மொத்த எடை ஐந்தரை கிராமைத் தாண்டக் கூடாது. ஓர் இறகு ஒடிந்தாலும் குடிகாரனைப் போலத் தள்ளாடும். எங்கள் அரங்கில் ஒரு பெரியவர் முந்தின இரவே ஷட்டில் டப்பாவைத் திறந்து கொதிநீர் ஆவியில் சிறிது நேரம் காட்டி மூடிவைப்பார். ஈரம் ஏறிய இறகு சீக்கிரம் ஒடியாதாம். இட்லிப் பானைப் பக்கம் வரக் கூடாது என்று வீட்டில் அவருக்குத் தடையுத்தரவு. ஷட்டில் விலை அப்படி! பேத்திக்கு இப்போதைக்கு நைலான் ஷட்டில் போதும்.

ஆட்ட விதிகள் எளிது. 21 புள்ளிக்கு ஒரு கேம், மூன்றில் இரண்டு கேம் எடுத்தால் வெற்றி. அதை அவளே உனக்குச் சொல்லித் தருவாள். கஷ்டம் காலில் இருக்கிறது. பயிற்சியாளர் எனக்கு இரண்டு வாரம் ஷட்டிலே தரவில்லை. ஆடுகளத்தின் நடுவிலிருந்து முன், பக்கவாட்டு, பின் என்று இரு பக்கமும் ஆறு இடத்துக்கும் ஓடித் திரும்ப வைத்தார். மட்டையை இறுக்கிப் பிடித்தால் விரலில் தட்டுவார்.

பேத்தியிடம் பாரிஸ் பாராலிம்பிக்ஸ் பற்றிச் சொல். 2024இல் அங்கே இறகுப்பந்தில் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனிஷா ராமதாஸுக்கும் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். மூவரும் நம் மாநிலத்துப் பெண்கள்.

மட்டைக்கு அவசரப்படாதே, முதலில் உள்ளரங்க ஷூ வாங்கிக் கொடு. ஓட்டப் பயிற்சி ஷூ பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்காலைப் பிசகவைக்கும். பொங்கலுக்கு வரும்போது ஒரு டப்பா ஷட்டில் கொண்டுவருகிறேன். நீ வலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புள்ளி எண்ணு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி