இரவிலும் கேளுங்கள்: மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மருத்துவமனைகளை நடத்திவரும் பெரியோர்களுக்கு,

வணக்கம். கண் தானத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அந்தச் சுவரொட்டிகள் ஒட்டியிருப்பதே உங்கள் வாசலில்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் வார்டில் ஒருவர் இறந்துபோனால், ஒரு மணி நேரத்துக்குள் வீட்டாரிடம் கண்களைத் தருகிறீர்களா என்று கேளுங்கள். பகலானாலும் இரவானாலும் கண் வங்கிக்கு உடனே போன் போடுங்கள்.

என் அம்மா அண்மையில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில், நள்ளிரவுக்குச் சற்று முன்பு காலமானார். கண்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அதற்குக் காரணம் என் சித்தி. பண்ருட்டிப் பக்கம் நெல் அறுப்பில் தாள் குத்தி, கண் புண்ணாகி, கடைசியில் பூ விழுந்துவிட்டது. மிஞ்சிய ஒரு கண்ணோடுதான் சித்தி கடைசிவரை களை எடுத்தார்.

அம்மாவுக்கும் பார்வை மங்கியிருந்தது. அவருக்குப் புரைதான், எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகு வீட்டையே புதிதாகச் சுற்றி வந்தார். கறுப்பு என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்த சேலை கருநீலம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளேறி நீலத்தைத் தடுத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். அதன் பிறகு நீலம் எங்கே கண்டாலும் அம்மா நின்றுவிடுவார். தேவனாம்பட்டினம் கடற்கரையில், "தண்ணி ஒரே நிறமில்லடி, பாரு. கரைகிட்ட ஒண்ணு, தள்ளி ஒண்ணு, அதுக்கும் அந்தாண்ட வேற ஒண்ணு" என்று விரல் நீட்டிக் காட்டுவார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை கடல் ஒரே நிறம்தான். வடலூர் தைப்பூசத்தில் ஏழு திரையும் விலகி ஜோதி தெரிந்தபோது, பக்கத்தில் நின்றவர்கள் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அம்மா மூடவில்லை. "பாக்கத்தானே வந்தேன்" என்றார். இத்தனை ஆசையாகப் பார்த்த கண்கள் மண்ணுக்குப் போகக் கூடாது என்பதுதான் அவருடைய கடைசி விருப்பம்.

அந்த இரவைச் சொல்கிறேன். அம்மாவின் இமைகளை மூடி, தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஈரப் பஞ்சை இமைமேல் வைத்தேன். இதெல்லாம் சுவரொட்டியில் படித்ததுதான். பணியிலிருந்த செவிலியரிடம் போய்க் கேட்டேன். "புரை ஆபரேஷன் பண்ணவங்க கண்ணை எடுக்க மாட்டாங்கக்கா" என்றார். எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், ரத்தக் கொதிப்பு உள்ளவர், எண்பதைத் தாண்டியவர் எல்லோருமே கொடுக்கலாம். சரி, கண் வங்கியின் நம்பரையாவது கொடுங்கள் என்றேன். "எனக்குத் தெரியாதுக்கா, காலையில ஆபீஸ்ல கேளுங்க." சுவரொட்டியில் இருந்த எண் வெயிலில் வெளுத்துக் கடைசி இலக்கங்கள் அழிந்திருந்தன. தம்பி ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டான். வாசல் காவலர், "நீங்க கடலூர்க்காரங்கதானே, அங்க போய்க் கேளுங்க" என்றார். பஞ்சு காயக் காய நான் நனைத்து நனைத்து வைத்தேன். அழக்கூட நேரமில்லை. விடிந்த பிறகு ஒருவர் எண்ணைத் தேடிக் கொடுத்தார். கண் வங்கியில் பேசிய பெண் இறந்த நேரத்தைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. "ஆறு மணி நேரம் தாண்டிடுச்சேம்மா" என்றார்.

அந்தச் செவிலியர் மீது எனக்குக் கோபமில்லை. இரண்டு வார்டை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவர். பஞ்சு கொடுத்ததும் அவர்தான். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதில்தான் என் கோபம்.

கண் தானத்தில் அடுத்தவருக்குப் பொருத்துவது கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலத்தை. அது சுமார் அரை மில்லிமீட்டர் கனம். அதில் ரத்தக் குழாயே கிடையாது. தெளிவாக இருப்பதற்காகவே அப்படி அமைந்திருக்கிறது. விழித்திருக்கும்போது தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் காற்றிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறது. ரத்த வகை பார்க்கத் தேவையில்லை. எடுக்க இருபது நிமிடம் போதும், முகம் விகாரமாகாது. ஒருவர் கொடுத்தால் இருவருக்குப் பார்வை கிடைக்கும். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் கண் வங்கி தொடங்கியது 1945இல். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு 2011இல் வந்த திருத்தம், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்களே கருவிழியை எடுக்கலாம் என்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் உறவினருக்குத் தானம் பற்றி எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்றும் அதே திருத்தம் சொல்கிறது. இத்தனை இருந்தும் ஒரு தொலைபேசி எண் இல்லாமல் அம்மாவின் கண்கள் வீணாய்ப் போயின.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவாரம் கொண்டாடுகிறோம். பள்ளிப் பிள்ளைகளை உச்சி வெயிலில் பதாகையோடு நடக்க வைக்கிறோம். அந்த வரிசையிலேயே கரும்பலகை தெரியாத பிள்ளை இருக்கும். அதை மக்கு என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருப்போம். உறுதிமொழி அட்டை வாங்குவதற்கு இருக்கிற அக்கறை, அந்த அட்டைக்குரியவர் இறக்கிற நேரத்தில் ஏன் இல்லாமல் போகிறது? சாவு அலுவலக நேரம் பார்த்தா வருகிறது?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதையேதான் கேட்கிறேன்: ஒரு மணி நேரத்துக்குள் கேளுங்கள், இரவிலும் கேளுங்கள். ஒவ்வொரு வார்டு மேசையிலும் கண் வங்கியின் எண்ணை, அழியாதபடி, எழுதி ஒட்டுங்கள். இரவுப் பணிக்கு வருகிறவர்களுக்கு யார் கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு இரவும் இதற்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே முள்ளோடை எல்லையைத் தாண்டித் தினமும் எத்தனையோ பேர் வைத்தியத்துக்குப் போய்வருகிறோம். நீ எந்த ஊர் என்று அந்த நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

வருகிற ஆகஸ்ட் 25க்கு முன்பாக இதைச் செய்துதர வேண்டுமாய்ப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
தேவனாம்பட்டினம், கடலூர்