வெறும் டீயோடு அனுப்பாதீர்கள்

கோத்தகிரி
ஜனவரி

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரத் திருப்புதல் தேர்வில் ஒரு மாணவி பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஸ்வெட்டரைக் கழற்ற முடியாத குளிர். அவளுக்கோ நெற்றி வேர்த்து, விரல்கள் நடுங்கின. "பயமா இருக்கு மிஸ்" என்றாள். அறைக்கு அழைத்து வந்து விசாரித்தால், காலை ஆறரைக்கு மைதாவில் செய்த ஒரு வர்க்கி பிஸ்கட், ஒரு டம்ளர் பால் இல்லாத வரட்டீ. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கப் போகும் அவசரம். ஒரு தட்டு சுண்டலும் வாழைப்பழமும் உள்ளே போன சற்று நேரத்தில் வினாத்தாளை அவளே திருப்பிக் கேட்டாள்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால், அதை ஏற்றுவதற்காக உடம்பு அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரக்கும். பயந்தாலும் இவைதான் சுரக்கும். படபடப்பு பசியாலா, பயத்தாலா என்று பிள்ளைக்குப் பிரிக்கத் தெரியாது. படித்ததெல்லாம் மறந்துபோச்சு என்று அழும். மைதாவும் சீனியும் வேகமாகச் செரித்துவிடும். பயறு, முட்டை, ராகி நின்று தாங்கும்.

அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு சரி. மதியச் சத்துணவும் பத்தாம் வகுப்போடு முடிகிறது. பொதுத்தேர்வோ 10 மணிக்குத் தொடங்கி 1.15க்குத்தான் முடியும். ஆறரைக்கு வர்க்கி தின்ற பிள்ளை கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் எப்படித் தாங்கும்?

பழைய சோறு என்றால் இந்தக் குளிரில் என்னைத் திட்டுவீர்கள். அவித்த முட்டை, அவித்த உருளைக்கிழங்கு, ஒரு பிடி நிலக்கடலை போதும். இரவு மிஞ்சிய ராகிக்களியைச் சூடாக்கிக் கொடுத்தாலும் சரி.

டீயை நிறுத்தச் சொல்லவில்லை. டீ விளையும் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் எடுபடுமா? ஆனால் சாப்பாட்டோடு குடித்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் டீயின் துவர்ப்புப் பொருள் தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து குறைந்தால் அசதியும் எரிச்சலும் வரும். அதைத்தான் நாம் 'திமிர்' என்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையைச் சிலர் சாக்கடையில் போடுகிறார்கள். மலம் கறுத்துப்போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். இரவு கண்விழித்துப் படிக்கக் கொடுக்கும் டீயையும் குறையுங்கள்; தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயத்துக்கும் அழுகை வரும்.

எல்லாப் பயமும் பசியல்ல. நன்றாகச் சாப்பிட்டும் பிள்ளை வாரக்கணக்கில் சோர்ந்து கிடந்தால் என்னிடம் வாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம்.

திங்கள் முதல் காலை 9 மணிக்குப் பத்தாம் வகுப்பு அறை திறந்திருக்கும். டிபன் டப்பாவில் கொடுத்தனுப்புங்கள், அங்கே உட்கார்ந்து சாப்பிடட்டும். வீட்டில் ஒன்றும் செய்ய முடியாத நாளில் வெறுங்கையோடு அனுப்புங்கள். ஆசிரியர்கள் முறை வைத்துச் சுண்டல் அவிக்கிறோம். ஏன் கொண்டுவரவில்லை என்று யாரும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை