அப்புக்காத்தா, பிறக்கிராசியா?

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சட்டக் கல்லூரியை முடித்துவிட்டாள் என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா உன் முழங்கால் வலியை விசாரித்தார். ஹட்டனில் மழை விட்டபாடில்லை.

வாதாடுகிற பக்கமா, கந்தோரில் இருந்து வழக்குப் பத்திரம் தயாரிக்கிற பக்கமா என்று அவள் குழம்புவதாக எழுதியிருந்தாய். நம் அப்பாமார் காலத்தில் அவை இரண்டு தனித் தொழில்கள். கட்சிக்காரரிடம் பேசிப் பத்திரம் தயாரிப்பவர் பிறக்கிராசி. அவர் தரும் விபரத்தை வைத்து மேல்கோர்ட்டில் வாதாடுபவர் அப்புக்காத்து. கீழ்க்கோர்ட்டுகளில் பிறக்கிராசிமாரும் பேசினார்கள். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரண்டையும் சேர்த்தது. 1974 ஜனவரி முதல் எல்லோரும் சட்டத்தரணிதான். இங்கிலாந்தில் இன்னும் பாரிஸ்டர், சொலிசிட்டர் என்று பிரிந்தே இருக்கிறார்கள்.

சட்டம் மாறியும் பழக்கம் போகவில்லை. சிவில் வழக்கில் புரொக்சி, அதாவது கட்சிக்காரர் தரும் அதிகாரப் பத்திரம், போடுவது ஒருவர், எழுந்து பேச வருவது இன்னொரு சீனியர். சிக்கலான வழக்குக்கு அப்படி ஒருவர் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்களை நினைத்துப் பார். கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி வேலைநீக்க வழக்கோடு வருகிறாள். எந்த நாளில் வேலைக்குப் பேர் போடாமல் விட்டார்கள், கங்காணி என்ன சொன்னார், சிங்களத்தில் வந்த கடிதத்தை யார் வாசித்துக் காட்டினார்கள், இதெல்லாம் ஆற அமர உட்கார்ந்து தமிழில் கேட்டால்தான் வெளியே வரும். காலையில் கோர்ட் வாசலில் ஃபைலைப் புரட்டுபவருக்கு அது எங்கே கிடைக்கும்? இப்படியான வேலை வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபையில் சொல்லாமல் விட்ட விஷயம் விட்டதுதான். அப்பீலுக்கு மாகாண மேல் நீதிமன்றம் போனால் அங்கே பேசுவது சட்டப் பிரச்சினை மட்டும். அதோடு இரண்டு பேருக்குக் காசு கொடுக்கத் தோட்டத்து லயத்தில் இருக்கும் குடும்பத்தால் முடியுமா? தொழில் நியாய சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதியே பேசலாம் என்று இருப்பது எவ்வளவு பெரிய உதவி!

அதனால் மகள் முதலில் மலையகத்துக் கந்தோர் ஒன்றில் இருக்கட்டும். வாக்குமூலம் எடுத்து, பத்திரம் எழுதி, அந்த வழக்கைத் தானே எழுந்து பேசட்டும். கொழும்புச் சீனியரிடம் போவது அப்புறம் ஆகட்டும். ஹட்டனுக்கு வந்தால் நம் வீட்டிலேயே தங்கலாம், அறை இருக்கிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்