பிளாஷுக்கு மூடி போட்டா மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல போட்டோ எடுக்கறது பத்தி டிப்ஸ் போட்டிருந்தீங்க, நல்ல விஷயம்தான், ஆனா அதுல பிளாஷ் மேல வெள்ளை பிளாஸ்டிக் மூடி மாட்டினா முகத்துல வெளிச்சம் சாஃப்டா விழும்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதைப் படிச்சுட்டு அந்த மூடி எங்க கிடைக்கும்னு நாலு பேர் என் ஸ்டூடியோவுக்கே வந்துட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோன்னு எடுத்துட்டு இருக்கேன், ஆரம்பத்துல நானும் அதை வாங்கி ஏமாந்தவன்தான், அதான் எழுதுறேன்.

வெளிச்சம் சாஃப்டா (நிழலோட ஓரம் கரைஞ்சு விழறது) ஹார்டாங்கறதை (ஓரம் வெட்டுன மாதிரி விழறது) முடிவு பண்றது பிளாஸ்டிக் இல்ல, உக்காந்திருக்கற ஆளோட முகத்துல இருந்து பாத்தா அந்த லைட் எவ்ளோ பெருசா தெரியுதுங்கறதுதான். சூரியனையே எடுத்துக்கங்க, குறுக்களவு கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர், ஆனா 15 கோடி கிலோமீட்டர் தள்ளி கிடக்கறதால நமக்கு அது வானத்துல அரை டிகிரி பொட்டு, அதனாலதான் உச்சி வெயில்ல மூக்கு நிழல் கத்தியால வெட்டுன மாதிரி விழுது, கண்ணு ரெண்டும் குழியாயிடுது. ஒரு மேகம் வந்து மூடட்டும், இப்ப வானம் பூரா லைட்டு, நிழலோட ஓரம் கரைஞ்சே போயிடும். உள்ளங்கைக்குள்ள அடங்கற மூடி எதைப் பெருசாக்கும் சொல்லுங்க? சின்ன ரூமா இருந்து சுவரும் சீலிங்கும் வெள்ளையா இருந்தா மூடியில இருந்து சிதறுற வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி வரும், அப்ப பலன் உண்டு, இல்லேங்கல. கோயில் வாசல்ல பட்டுத் திரும்ப என்ன இருக்கு, பேட்டரிதான் காலி.

தூரமும் இதே கதைதான். 3 அடி சாஃப்ட்பாக்ஸை (லைட்டுக்கு முன்னாடி வெள்ளைத் துணி கட்டுன பெட்டி) வாங்கிட்டு வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குன்னு 12 அடிக்குத் தள்ளி வெச்சுடறாங்க, அப்புறம் அதுவும் சின்ன லைட்டுதானே. பவரைக் குறைச்சுட்டு கிட்டக்க கொண்டுவரணும், பிரேமுக்குள்ள வந்துருமோன்னு பயம் வர்ற அளவுக்கு.

நம்ம ஊரு கருப்பு நிறத்துக்கு இது ரொம்பவே முக்கியம். சின்ன லைட் அடிச்சா வேர்வை நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு பளீர்னு நிக்கும், அதை மறைக்க பவுடரைப் பூசி, கேமராவுல எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, ஏத்தி, கடைசியில கம்ப்யூட்டர்ல வெளுத்து மாப்பிள்ளை யாருன்னே தெரியாம பண்ணிடறோம் (எங்க ஆளுங்களைத்தான் சொல்றேன், என்னையும் சேத்து). பெரிய லைட்டைப் பக்கவாட்டுல வெச்சா அந்த மினுக்கம் கன்னம் நெடுக பரவி, நிறம் நிறமாவே இருக்கும்.

செலவும் பெருசா இல்ல. சத்யஜித் ரே எடுத்த அபராஜிதோ, 1956ல வந்த படம், அதுல காசி வீட்டை ஸ்டூடியோவுல செட் போட்டப்ப ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி அதுல லைட்டை அடிச்சுத் திருப்பி இறக்கினாரு, முற்றத்துல வானத்து வெளிச்சம் விழற மாதிரியே இருக்கும். நம்ம வீட்டுல ஜன்னல் போதும். வெயில் நேரா அடிச்சா ஒரு வெள்ளை வேட்டியை அதுல கட்டுங்க, அப்ப ஜன்னல் முழுசுமே விளக்காயிடும், ஆளை ரெண்டு மூணு அடியில உக்கார வெச்சு ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி விட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடிங்க, டியூப் லைட்டை மறக்காம அணைச்சிடுங்க, இல்லேன்னா ஒரு கன்னம் ஒரு கலர்ல நிக்கும். கண்ணுமணிக்குள்ள ஜன்னல் குட்டியா தெரிஞ்சா சரியா வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

அடுத்த தடவை டிப்ஸ் போடறப்ப ஒரே ஆளை வெட்டவெளியில மூடி போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணுன்னு எடுத்து பக்கத்துல பக்கத்துல போடுங்க சார். மூடிக்கு அலைய வேண்டாம், எங்கிட்ட ரெண்டு சும்மாதான் கிடக்கு, அனுப்பி வெக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரர்,
கோவில்பட்டி