பஞ்ச் வெளியே வரும் நேரம்

கணபதி, கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். மகளின் கல்லூரிச் சேர்க்கை பற்றி நீ எழுதிய கடிதத்துக்கு ஏழு மாதமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். அது தவறு, அதற்குச் சமாதானம் எதுவும் சொல்லப் போவதில்லை. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தைப்பூசத்தன்று மருதமலைப் படியில் பெரிய மாஸ்டரைப் பார்த்தேன். "அந்த ஓசூர்க்காரன் இன்னும் மைக்ரோமீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் திரிகிறானா?" என்று உன்னைத்தான் முதலில் விசாரித்தார். மற்றச் செய்திகள் பிறகு. எங்கள் பட்டறையில் மறுபடியும் அபிமன்யு விழ ஆரம்பித்துவிட்டான், மூன்று வாரத்தில் 17 பேர். தகட்டுக்குள் போய்த் துளை போட்டுவிட்டு முழுதாக வெளியே வரத் தெரியாத பஞ்ச் என்ற எஃகுக் குச்சியைத்தான் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். 1.5 மி.மீ. தகட்டில் 3 மி.மீ. துளைகள் பன்னிரண்டை ஒரே அடியில் போடும் டூல் ஒன்று நான்கு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சி.ஆர். தகடு (குளிர்நிலையில் உருட்டிய சாதாரண எஃகு), 25 டன் பிரஸ், பஞ்ச் மேலே ஏறும்போது தகட்டை அமுக்கி நிறுத்துவதற்கு ஆறு ஸ்பிரிங் வைத்த ஸ்டிரிப்பர் பிளேட். வாடிக்கையாளர் திடீரென்று இனிமேல் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேண்டும் என்று சொல்ல, அதே டூலில் அதே தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் தகட்டுப் பட்டையை, அதாவது ஸ்டிரிப்பை, விட்டார்கள். மாஸ்டர் நமக்கு மனப்பாடம் செய்வித்த கணக்கை எல்லோரும் போட்டுப் பார்த்தார்கள்: துளையின் சுற்றளவு, தகட்டின் தடிமன், வெட்டைத் தாங்கும் ஷியர் வலிமை மூன்றையும் பெருக்கு. சி.ஆருக்குச் சதுர மி.மீட்டருக்கு 35 கிலோ என்று வைத்தால் ஒரு துளைக்கு ஏறக்குறைய 495 கிலோ, பன்னிரண்டுக்கும் சேர்த்து 6 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஸ்டெயின்லெஸுக்கு 52 கிலோ என்று வைத்தால் 8.8 டன். பிரஸ்ஸோ 25 டன். அதனால் யாருக்கும் கவலை வரவில்லை.

பஞ்ச் மட்டும் உடைந்துகொண்டே இருந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் சரியில்லை என்று முதல் வாரம் முழுக்கச் சண்டை. கடினத்தை அளக்கும் ராக்வெல்லில் வைத்துப் பார்த்தால் எல்லாப் பஞ்சும் 58, 60 என்று ஒழுங்காகவே நின்றன. பிறகு பிரஸ்ஸில் ஏறி இறங்கும் பாகமான ராம் ஆடுகிறது என்றார்கள், பிறகு பஞ்ச் இறங்கும் கீழ் அச்சான டை மையம் விலகியிருக்கிறது என்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகப் பஞ்ச் உள்ளே போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த, பிரஸ்ஸை இயக்கும் பெண். "அண்ணா, கீழே இறங்கும்போது சத்தம் எப்போதும்போலத்தான் இருக்கிறது, மேலே ஏறும்போதுதான் 'டக்' என்று இன்னொரு சத்தம் கேட்கிறது" என்றாள். அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்பதற்காகவே பிரஸ் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றேன், கேட்டது. 1998இல் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "உடைகிற பஞ்சில் பாதி வெட்டும்போது உடைவதில்லை, தகடு அதைப் பிடித்து இழுக்கும்போதுதான் உடைகிறது" என்று நீ என்னிடம் வாதாடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை மாஸ்டரிடம் நீ காட்டிக்கொள்ளலாம்.

டூலை இறக்கும் முன் கடைசியாக வந்த ஸ்டிரிப்பைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். இடது ஓரத்து நான்கு துளைகளைச் சுற்றித் தகடு மேல்நோக்கி மெல்லக் குமிழ்ந்திருந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரல் நுனிக்குத் தெரிந்தது. பஞ்ச் மேலே ஏறும்போது அதன் கூடவே தகடும் ஏறியிருக்கிறது, ஸ்டிரிப்பர் அதை அமுக்கி நிறுத்தவில்லை. பிறகு ஸ்டிரிப்பரைக் கழற்றினால், ஐந்து சிவப்பு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே இடது மூலையில் ஒரே ஒரு நீலம். எப்போதோ ஒரு சிவப்பு உடைந்தபோது, கைக்குக் கிடைத்த அதே அளவு ஸ்பிரிங்கை யாரோ போட்டிருக்கிறார்கள். சிவப்பின் சுமை நீலத்துக்கு வராது என்பது டூல்ரூமில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் உள்ளே போய் மூடிவிட்டால் நிறம் யாருக்குத் தெரியும்? சி.ஆரில் அந்தக் குறை வெளியே தெரியவே இல்லை. ஸ்டெயின்லெஸ் வந்ததும் ஸ்டிரிப்பர் அந்தப் பக்கம் சாய்ந்து, தகடு பஞ்சைக் கோணலாக இழுத்திருக்கிறது. அமுக்குவதற்கு மலைபோல் நிற்கும் கெட்டி எஃகு, இழுவையோடு வளைவும் சேர்ந்தால் சுண்ணாம்புக் குச்சிபோல் ஒடிந்துவிடுகிறது. உடைந்த 17 பஞ்சுகளையும் தேடிப் பிடித்து வரிசையாக வைத்தேன். 13 தலைக்குக் கீழேயே ஒடிந்தவை. அதிலும் சிலவற்றில் சாணைக் கோடுகள் நீளவாக்கில் இல்லாமல் வளையம் வளையமாகப் போயிருந்தன, முறிவும் அந்தக் கோட்டிலேயே தொடங்கியிருந்தது.

ஸ்பிரிங்கை மாற்றினால் போதும் என்று நினைத்தேன், போதவில்லை. இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. தகட்டைப் பஞ்சிலிருந்து கழற்றும் ஸ்டிரிப்பிங் விசைக்கு "வெட்டும் விசையில் பத்தில் ஒரு பங்கு" என்று எடுப்பது நம் வழக்கம், நூல்களிலோ 5 முதல் 20 சதவீதம் வரை என்று விரித்துத்தான் போட்டிருக்கிறது. வெட்டிய கணத்தில் துளையின் சுவர் மீள்தன்மையால் சுருங்கிப் பஞ்சைக் கவ்விக்கொள்கிறது, அந்தக் கவ்வல் எவ்வளவு என்பதைப் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளியான கிளியரன்ஸ், பஞ்சின் பளபளப்பு, எண்ணெய், தகட்டின் குணம் ஆகிய நான்கும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எங்கள் டூலில் ஒரு பக்கக் கிளியரன்ஸ் 0.075 மி.மீ., அதாவது தடிமனில் 5 சதவீதம். சி.ஆருக்கு அது சரி. ஸ்டெயின்லெஸுக்கு அது இறுக்கம், துளையின் சுவரில் பளபளவென்ற பட்டை அகலமாக விழுந்திருந்தது, அகலம் கூடக் கூடப் பிடியும் கூடும். 20 சதவீதம் என்று வைத்தால் 1,760 கிலோ வேண்டும். எங்கள் ஆறு ஸ்பிரிங்கும் ஒழுங்காக இருந்தால்கூட முழுதாக அமுங்கிய நிலையில்தான் 700 கிலோ.

அந்த 700ஐயும் முழுதாக நம்பக்கூடாது என்பதை இந்த முறைதான் உணர்ந்தேன். ராம் கீழே இருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழுதாக அமுங்கியிருக்கிறது. மேலே ஏற ஏற அது தளர்கிறது. பஞ்சின் நுனி தகட்டை விட்டு வெளியேறப் போகும் கடைசி நேரத்தில், தகடு இன்னும் கவ்விக்கொண்டிருக்கும்போது, ஸ்பிரிங்கில் மிச்சம் இருப்பது நாம் முன்கூட்டியே கொடுத்த அமுக்கம் மட்டும்தான். ஆகவே கணக்கை முன் அமுக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இதை ஏன் நமக்கு யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை?

இப்போது டையைப் பெருக்கிக் கிளியரன்ஸை 0.12 ஆக்கியிருக்கிறோம். பஞ்சுகளை நீளவாக்கில் தேய்த்து மெருகேற்றினோம், ஆறு பஞ்சுகளின் நீளத்தை ஒரு தகட்டுத் தடிமன் அளவுக்குக் குறைத்தோம், கெட்டியான பிரஸ் ஆயிலுக்கு மாறினோம், சிவப்புக்குப் பதில் எட்டு மஞ்சள் ஸ்பிரிங் போட்டு முன் அமுக்கத்தையும் கூட்டினோம். பன்னிரண்டு நாளாக ஒரு பஞ்ச்கூட உடையவில்லை.

ஆனால் நண்பா, மகிழ்ச்சியாக எழுத முடியவில்லை. மூன்றாவது வாரம், ஸ்டிரிப்பரைத் தாங்கும் போல்ட் ஒன்றின் தலை அறுந்து தெறித்தது. பிரஸ்ஸின் முன்னால் கம்பி வலை இருந்ததால் அதில் பட்டுக் கீழே விழுந்தது. வலைக்குப் பின்னால் ஓர் அடி தூரத்தில் அந்தப் பெண்ணின் முகம் இருந்தது. முதல் வாரத்திலேயே மேலே ஏறும் சத்தத்தை நான் கேட்டிருந்தால் அந்த போல்ட் அவ்வளவு அடி வாங்கியிருக்காது. இதைப் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இப்போது ஸ்டிரிப்பர் போல்ட் அத்தனையும் ஒரே நீளத்தில் ஒரே செட்டாக மாற்றிவிட்டோம்.

உன்னிடம் கேட்க வேண்டியது இரண்டு. உங்கள் ஓசூர் டூல்களில் ஸ்டிரிப்பர் சாயாமல் ஏறி இறங்க வழிகாட்டும் தனிப் பில்லரும் (தூண்) புஷ்ஷும் (அது ஓடும் குழல்) வைக்கிறீர்களே, இவ்வளவு சின்ன டூலுக்கும் அந்தச் செலவு தகுமா, அல்லது ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜன் சிலிண்டருக்கே போய்விடலாமா? இரண்டாவது, அடுத்த மாதம் 0.8 மி.மீ. அலுமினியத்தில் இதேபோல் ஒரு வேலை வருகிறது. அலுமினியம் பஞ்சில் ஒட்டி அப்பிக்கொள்ளும் என்று தெரியும், எத்தனை அடிக்கு ஒருமுறை பஞ்சைத் துடைக்கிறீர்கள், எந்த எண்ணெய் போடுகிறீர்கள் என்று விவரமாக எழுது. பதினைந்தாம் தேதிக்குள் பதில் வந்தால் டிசைனை மூடுவதற்கு முன் மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கும்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன்
கோவை நண்பன்